ஆறு தெளியும்வரை ஆலையை இடிக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரம்பூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொழில் வளர்ந்த ஊர்களின் ஆற்றங்கரைகளில் நிற்கும் பழைய பாலங்களும் ஆலைகளும் காக்கப்பட வேண்டியவையா, புதியவற்றுக்கு இடம் விட வேண்டியவையா என்பது இன்றைய தலைப்பு. காக்கப்பட வேண்டியவையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நகரில் இடம் இல்லை என்றார். பழைய பாலங்கள் வெள்ளத்தை மறிக்கும் என்றார். இவையெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற மிச்சம் என்றார். முடிவாக, “முதலில் கூவத்தைச் சுத்தம் செய்யுங்கள், கரையில் இருக்கும் செங்கல்லைப் பற்றிப் பிறகு பேசலாம்” என்று அவர் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. அந்த வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். எது முதலில், எது பிறகு என்பதில்தான் எங்கள் அணி அவரோடு அடிப்படையில் மாறுபடுகிறது.

ஜெர்மனியில் ரூர் என்றொரு பகுதி, நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்த பகுதி. அங்கே எம்ஷர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால், பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் பதிக்க அவர்களால் இயலவில்லை, பதித்தால் உடைந்துவிடும். எனவே ஆற்றையே திறந்த சாக்கடையாக்கி, இருபுறமும் கான்கிரீட்டால் கரை கட்டி, மக்கள் நெருங்காதபடி வேலியிட்டு, நகரங்களின் கழிவையும் ஆலைகளின் கழிவையும் அதில் விட்டார்கள். அந்த நிலை ஏறத்தாழ நூறாண்டு நீடித்தது. கூவத்தைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற நமக்கு அந்த ஆற்றின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

சுரங்கங்களும் உலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதை நடுவர் அவர்கள் ஆண்டுக் கணக்கோடு கவனிக்க வேண்டுகிறேன். டூயிஸ்பர்க் நகரின் மெய்டரிச் இரும்பாலை 1985இல் நின்றது. அதை இடிக்காமல், ஊது உலைகளை அப்படியே நிறுத்தி, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். தாது கொட்டிய கிடங்கின் சுவர்களில் இன்று மலையேறும் பயிற்சி நடக்கிறது, வாயு நிரப்பிய தொட்டியில் தண்ணீரை நிரப்பி முக்குளிக்கிறார்கள். ஓபர்ஹவுசன் நகரில் 1929இல் கட்டப்பட்ட, நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த வாயுத் தொட்டி அதே 1994இல் கண்காட்சிக் கூடமாயிற்று. எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

எம்ஷர் எப்போது தெளிந்தது? அதை மீட்கும் பணி 1992இல் தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்ச் சுரங்கம் அமைத்து, 500 கோடி யூரோவுக்கும் மேல் செலவிட்டு, 2021இன் முடிவில்தான் ஆற்றில் கழிவு கலப்பது நின்றது. அதாவது ஆலைகள் மக்களுக்குத் திறந்தபின் இருபத்தேழு ஆண்டுகள் அந்த ஆறு நாறிக்கொண்டுதான் இருந்தது. ஆறு சுத்தமாகட்டும், பிறகு ஆலையைப் பார்க்கலாம் என்று அவர்கள் இருந்திருந்தால், 2021இல் பார்ப்பதற்கு ஆலை ஏது? ஒரு தலைமுறைக் காலம் ஓர் ஆற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டுமானால், அந்த ஆற்றின் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்வருகிற மக்கள் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யாரும் போகாத கரைக்காக யாரும் கேள்வி கேட்பதில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். கூவத்தின் முகத்துவாரத்தில் 1869இல் கட்டப்பட்டு, 1943இல் இன்றைய வில் வளைவுகளோடு புதுப்பிக்கப்பட்ட நேப்பியர் பாலத்துக்கு, 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காகக் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டினார்கள். ஊரே அங்கே போய் நின்று படம் எடுத்தது. அவர்கள் காலுக்குக் கீழே ஓடியது கூவம்தான். அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் கலஸ் மகால் 2012இல் தீப்பற்றி எரிந்தது. இதற்குமேல் இதில் என்ன இருக்கிறது என்று கைவிட்டிருக்கலாம். பொதுப்பணித் துறை அதை விடாமல், பழைய முறையில் சுண்ணாம்புக் காரை பூசி மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்தக் கட்டடத்தில் நடக்கிறது. ஆறுகளைக் கெடுப்போர் மீதான வழக்குகள் அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன.

அடுத்து, வெள்ளைக்காரன் மிச்சம் என்ற வாதம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726இல் மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1960களில் மறைமலை அடிகள் பாலத்துக்காக அந்தப் பாலம் இடம் விட்டது. உஸ்கானின் பெயரைச் சொல்ல ஒரு கல்வெட்டுத்தான் மிஞ்சியது. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு ஓர் ஆளுநரின் பெயரை வைத்தார்கள், உண்மை. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் ஒருவேளைக் கஞ்சிக்காக மண் சுமந்த நம் மக்கள். அந்தக் கரையைத் தூர்த்துவிட்டால் அழிவது ஆளுநரின் பெயரா, அவர்களுடைய உழைப்பின் ஒரே சான்றா?

இந்த அரங்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு, பெரம்பூரின் துணி ஆலையான பின்னி மில்லைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் பதிவுக்காகச் சொல்கிறேன். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற அந்த இரண்டு ஆலைகளின் தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27 அன்று, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பது அதைத்தான். திரு.வி.க. அதில் தோள்கொடுத்தார், 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. 1996இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த வளாகத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. மக்களுக்கு வீடு வேண்டும், அதை எங்கள் அணி மறுக்கவில்லை. வளாகம் முழுவதையும் பூட்டி வைக்கச் சொல்லவுமில்லை. ஒரு நெசவுக் கூடமும் ஒரு வாயிலும் போதும். தாத்தா இங்கேதான் வேலை பார்த்தார் என்று பேரப்பிள்ளையிடம் சுட்டிக்காட்ட ஓர் இடம். இடப் பஞ்சம் என்ற வாதத்துக்கு இதற்குமேல் விடை தேவையில்லை என்று கருதுகிறேன்.

வெள்ளம் பற்றிய வாதம் அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. குறுகிய கண்களும் தடித்த தூண்களும் கொண்ட பழைய பாலம் பெருவெள்ளத்தில் நீரைத் தேக்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதைக் கண்ட எவரும் அதை விளையாட்டாகப் பேச மாட்டார்கள். ஆனால் மறைமலை அடிகள் பாலத்தையே அந்த வெள்ளத்தின்போது மூட வேண்டியிருந்தது, அது புதிய பாலம். பக்கிங்ஹாம் கால்வாயின் நடுவே தூண்களை இறக்கியது பறக்கும் ரயில் தடம், அதுவும் புதியது. நீரை மறிப்பது எதுவென்று பொறியாளர்கள் அளந்து சொல்லட்டும்; கட்டடத்தின் வயதை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது.

அளந்து பார்த்தபின் ஒரு பாலம் வண்டிகளைத் தாங்காது என்று தெரிந்தால், அதற்கும் வழி உண்டு. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மீது 1779இல் எழுப்பப்பட்ட இரும்புப் பாலம், உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம், 1934இல் வண்டிகளுக்கு மூடப்பட்டது. இடிக்கவில்லை, மக்கள் இன்றும் அதன் மேல் நடக்கிறார்கள். சென்னையின் ஆற்றோரத்தில் ஒரு பழைய பாலத்தையோ ஆலையையோ அகற்றுவதற்கு முன், அதை முழுமையாக அளந்து வரைபடம் எடுக்க வேண்டும், நடைபாதையாகவோ நூலகமாகவோ பயிற்சிக் கூடமாகவோ பயன்படுமா என்று ஆராய வேண்டும், அந்த அறிக்கையை அந்தப் பகுதி மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இம்மூன்றையும் செய்யாமல் இடிக்கும் ஆணையில் எவரும் கையெழுத்திடக் கூடாது என்று தீர்ப்பில் எழுதுமாறு நடுவர் அவர்களை எங்கள் அணியின் சார்பில் கேட்டு அமர்கிறேன்.