எட்டாவதுக்கு அப்புறம் ஆறு கிலோமீட்டர்

(மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை ஆசிரியர் அம்மாவுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"அடுத்து முறுக்குக்காரர் மகன் பேசுவார்" என்று மைக்கில் சொன்னார்கள். அதைவிட நல்ல அறிமுகம் எனக்குக் கிடையாது. எங்கப்பா மணப்பாறை ஸ்டேஷனில் ஜன்னல் ஜன்னலாக ஓடி முறுக்கு விற்றவர். மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் சில நாள் வண்டி கிளம்பிவிடும். அந்தக் காசை ஒரு தகர டப்பாவில் தனியாகப் போட்டு வைப்பார், அந்த ஆள் திரும்பி வந்தால் கொடுக்க. ஒருத்தரும் வரவில்லை. ஜூன் மாசம் எங்களுக்கு நோட்டு வாங்கியது அந்த டப்பாக் காசில்தான்.

நம்ம ஊர் முறுக்கை அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போடுவோம். ரெண்டாவது வேக்காடு இல்லாவிட்டால் அந்த மொறுமொறுப்பு வராது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிழிந்த எங்கக்காவை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு ரெண்டாவது வேக்காடே இல்லை.

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒன்பதாவது படிக்க ஆறு கிலோமீட்டர் போகணும், வீட்டில் ஒரே சைக்கிள். ரெண்டு வருஷம் கழித்து நான் ஒன்பதாவது சேர்ந்தபோது அதை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடையோடு அவர் நடந்தார். அக்காவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரைக்கும்தான் பேசுகிறது. அரசு கொடுக்கிற சைக்கிள் பதினொன்றாவதில் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய். எல்லாம் நல்ல திட்டங்கள்தான், நான் மறுக்கவில்லை. நடுவில் இருக்கிற ஒன்பதும் பத்தும் என்ன ஆவது? பஸ் பாஸ் இருக்கே என்பீர்கள். பாஸ் இருக்கு; பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ்தான் நம்ம ஊருக்குள் வருவதில்லை.

அக்கா மகள் இந்தப் பள்ளியில் இப்போது எட்டாவது. மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாளே, அவள்தான்.

மேலாண்மைக் குழுத் தீர்மான நோட்டு மேஜைமேல் இருக்கு. இதை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு ஒரு தீர்மானம். அதுவரைக்கும் காலை எட்டேகாலுக்கு ஒரு டவுன் பஸ் கேட்டு இன்னொன்று. முதல் கையெழுத்து அக்கா போட்டாச்சு. பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், அதுக்குக் கீழே போடுங்க.