சளிக்கு வாங்கிய மூன்று மாத்திரைகளுக்குள்ளும் ஒரே மருந்தா? அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்!

வணக்கம். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, தொண்டை வலிக்கும் உடம்பு வலிக்கும் இன்னொன்று என மருந்துக் கடையில் மூன்று வகை மாத்திரைகளை வாங்குகிறீர்கள். நிறமும் வேறு, பெயரும் வேறு. ஆனால் மூன்றுக்குள்ளும் ஒரே மருந்து இருக்கக்கூடும். அது ஒரு நாளைக்குரிய உச்ச வரம்பையே தாண்டிவிடக்கூடும். அது எப்படி என்பதை இந்தக் காணொளியில் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

அதற்கு முன் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேற்பட்டவை. வலி நிவாரணி அவற்றில் ஒன்றையும் கொல்வதில்லை. தொண்டையில் எரிச்சலும் வலியும் ஏற்படுவதற்கு, வைரஸை எதிர்க்கும்போது நம் உடலே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் முக்கியக் காரணம். ஆஸ்பிரின் இந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை 1971-இல் கண்டறிந்த பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணிகளும் அதே வழியில் வேலை செய்கின்றன. பாரசிட்டமாலுக்கு வீக்கத்தைக் குறைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்றாலும், வலியையும் காய்ச்சலையும் நன்றாகவே தணிக்கும். ஆகவே எச்சில் விழுங்குவது எளிதாகும், தலைவலி குறையும், இரவில் தூக்கம் வரும். மூக்கொழுகலோ இருமலோ இவற்றால் நிற்காது, சளி முன்கூட்டியே குணமாகவும் செய்யாது.

இனி கணக்குக்கு வருவோம்.

[திரையில்: மூன்று மாத்திரை அட்டைகளின் பின்புறம், நெருக்கமாக]

முதல் அட்டை காய்ச்சல் மாத்திரை: பாரசிட்டமால் 650 மில்லிகிராம். இரண்டாவது சளி மாத்திரை. இதில் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின், மூக்கொழுகலுக்கான குளோர்ஃபெனிரமின் ஆகியவற்றுடன் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். மூன்றாவது வலி மாத்திரை. இப்யூபுரூஃபன் வகையைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக்குடன் இங்கும் பாரசிட்டமால், 325 மில்லிகிராம். கூட்டினால் ஒரு வேளைக்கு 1475 மில்லிகிராம். மூன்று வேளையும் விழுங்கினால் 4425. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவே 4000 மில்லிகிராம்தான். யாரும் தவறான மாத்திரையை வாங்கவில்லை, எந்த மாத்திரையையும் இரண்டிரண்டாக விழுங்கவும் இல்லை. ஆனாலும் வரம்பு கடந்துவிட்டது.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? பாரசிட்டமாலின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை அவ்வப்போது செயலிழக்கச் செய்வது கல்லீரலிலேயே உள்ள குளூட்டாதயோன் என்ற பொருள். வழக்கமான மழைக்குத் தோதாகக் கட்டிய வடிகாலில் மூன்று தெருவின் வெள்ளத்தையும் ஒன்றாகத் திருப்பிவிட்டால் என்ன நடக்குமோ, அதுதான் கல்லீரலிலும் நடக்கிறது: குளூட்டாதயோன் தீர்ந்துபோக, எஞ்சிய நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்குகிறது. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதன் அமைதிதான். முதல் நாளில் குமட்டல், வாந்தி மட்டுமே இருக்கலாம், அதுவும்கூட இல்லாமல் போகலாம். பாதிப்பு வெளிப்படுவது பெரும்பாலும் அடுத்த ஓரிரு நாள்களில். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. அளவு மிகுந்த எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும் என்பதால், சந்தேகம் வந்தவுடனே, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மது அருந்துவோர், உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு 4000 என்ற வரம்பே அதிகம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. "சளி, தொண்டை வலி, இரண்டு நாளுக்குக் கொடுங்கள்" என்று கேட்டால், அட்டையை வெட்டி, துண்டுகளைச் சிறிய காகித உறையில் போட்டு, "காலை, இரவு" என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் துண்டில் மருந்தின் பெயரே இல்லாமல் போவதுண்டு. அட்டையை முழுதாகக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

இப்யூபுரூஃபன் வகை மருந்துகளை உணவுக்குப் பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சலும் உடம்பு வலியும் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் இந்த மருந்துகளும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவு அபாயத்தை அதிகரிக்கும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அளவறிந்த பாரசிட்டமால் மட்டுமே போதும்.

வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பது தொண்டைக்கு இதம் தரும். இருமலே இல்லாமல் தொண்டை வலி கடுமையாகி, காய்ச்சலும் சேர்ந்து, டான்சிலில் வெள்ளைப் படலம் தெரிந்தால், அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். மூச்சுவிடவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்.

கடைசியாகக் குழந்தைகள். இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் காட்டுங்கள். ஆஸ்பிரின் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அரிதாக என்றாலும் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் ரேய் நோய்க்குறி என்னும் உயிராபத்தை அது உண்டாக்கக்கூடும். பாரசிட்டமாலில் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தும் பெரிய குழந்தைக்கான சிரப்பும் ஒன்றல்ல. பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால், குழந்தைக்குள் 500 மில்லிகிராம், அதாவது பெரியவருக்கான ஒரு மாத்திரை, போய்விடும். ஒரு வேளை அளவை வயதைவிட எடையை வைத்தே மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்: ஒரு கிலோவுக்குச் சுமார் 15 மில்லிகிராம். ஆகவே குழந்தையின் எடையைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதி அளவு கேட்காதீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்துச் சென்று, அதிலுள்ள எண்ணைக் காட்டி, உங்கள் குழந்தை நல மருத்துவரிடமே கேளுங்கள்.