டால்மியாவின் தராசு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'ஜக்மோகன் டால்மியாவால் கிரிக்கெட் பெற்றது வளமா, வணிகச் சிறையா?' என்ற தலைப்பில், அந்த இந்தியக் கிரிக்கெட் நிர்வாகியால் வந்தது வளமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கல்கத்தாவின் கட்டுமான வணிகர் ஒருவர் விளையாட்டைத் தராசில் ஏற்றி விற்றுவிட்டார் என்று முடித்தார். அவர் கட்டுமானத் தொழில் செய்தவர் என்பது உண்மை. கல்கத்தாவின் பிர்லா கோளரங்கத்தைக் கட்டியதே அவர்களுடைய குடும்ப நிறுவனம்தான். தராசைக் கையில் எடுத்தார் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அந்தத் தராசின் தட்டை யாருடைய கை அழுத்திக்கொண்டிருந்தது என்பதை எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது.

1993-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். டால்மியா தலைவராக இருந்த வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவை ஒட்டி ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்துகிறது. ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமைக்குத் தூர்தர்ஷன் பணம் தருவதாக இல்லை. அதற்கு மாறாக, நாங்கள் ஒளிபரப்ப வேண்டுமென்றால் ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் நீங்கள் கொடுங்கள் என்று சங்கத்திடமே கேட்கிறது. மைதானம் சங்கத்துடையது, செலவு சங்கத்துடையது, கூட்டம் கிரிக்கெட்டுக்காக வந்த கூட்டம். காட்டுவதற்குக் கூலி மட்டும் அரசுக்கு! டால்மியா உரிமையை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார். அந்த நிறுவனத்தின் கருவிகளை பம்பாயில் சுங்கத் துறை தடுத்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், அதாவது தொலைக்காட்சி என்ற சொல்லே பிறவாத காலத்துச் சட்டம், ஒளிபரப்பில் அரசுக்கு ஏகபோக உரிமை தருவதாக வாதிடப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வானலைகள் பொதுமக்களின் சொத்து, அவற்றில் அரசு ஏகபோகம் கொண்டாட முடியாது என்று சொன்னது. நடுவர் அவர்களே, இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சியில் எத்தனையோ தனியார் அலைவரிசைகள் வருகின்றனவே, அவற்றின் வரலாற்றில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் வழக்கும் இருக்கிறது. இதைச் சிறை என்று சொல்பவர்கள் பூட்டைத் திறந்தவரையும் பூட்டியவரையும் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்து, உலகக் கோப்பை. 1975, 1979, 1983 என்று மூன்று முறையும் அது இங்கிலாந்தை விட்டு நகரவில்லை. 1987-இல் அதை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கொண்டுவந்தவர்களில் இந்தியக் கிரிக்கெட் நிர்வாகிகளான என்.கே.பி. சால்வே, ஐ.எஸ். பிந்த்ரா ஆகியோருடன் டால்மியாவும் ஒருவர். புகழ் முழுவதையும் அவர் ஒருவருக்கே எழுதி வைக்க நான் வரவில்லை. இங்கே பகல் குறைவு, 60 ஓவர் ஆட முடியாது என்ற தடை எழுந்தபோது 50 ஓவராகக் குறைத்தார்கள். ஒருநாள் உலகக் கோப்பையில் இன்றும் ஆடுவது அந்த 50 ஓவர்தான். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற வயிற்றெரிச்சல் நமக்கு இன்னும் ஆறவில்லை என்பது வேறு கதை.

1997-இல் டால்மியா உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐசிசியின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். அப்போது அதன் கையிருப்பு ஏறத்தாழ 16,000 பவுண்டு. ஓர் உலக அமைப்பின் கையிருப்பைத்தான் சொல்கிறேன், ஊர்க் கோயில் உண்டியலை அல்ல. மூன்றாண்டு கழித்து அவர் விடைபெற்றபோது அது ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1998-இல் டாக்காவில் நடந்த, தோற்ற அணி வெளியேறும் நாக்-அவுட் போட்டி அந்த வருவாய்க்கு வழி செய்தது. பிற்காலச் சாம்பியன்ஸ் கோப்பைக்கு வேரும் அதுவே. வங்கதேசத்துக்கு ஐந்து நாள் டெஸ்ட் ஆடும் தகுதி கொடுத்தது ஐசிசியில் ஓட்டுச் சேர்க்கும் கணக்கு என்றார் எதிரணித் தோழி. ஓட்டுக் கணக்கும் இருந்திருக்கலாம். அதற்காக, 2000 நவம்பரில் டாக்காவில் நடந்த முதல் டெஸ்டில் அமினுல் இஸ்லாம் அடித்த 145 ரன்களைக் கணக்கிலிருந்து அழித்துவிட முடியுமா?

அவர் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. 2004 இந்திய கிரிக்கெட் வாரியத் தேர்தலில் ஓட்டுகள் சமமாக நின்றபோது, தலைவருக்குரிய தனி ஓட்டைத் தம் வேட்பாளருக்குப் போட்டு வெற்றியைத் தேடிக்கொடுத்தார். விதியில் அதற்கு இடமிருந்தது, அழகில் இல்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 2006-இல் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் அவரை வெளியேற்றிய வாரியம், 2010-இல் தானே அந்த முடிவை விலக்கிக்கொண்டது என்பதையும், 2015 மார்ச்சில் இதே சென்னையில் கூடி அவரை மீண்டும் தலைவராக்கியது என்பதையும் எதிரணி சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதவியில் இருந்தபோதே அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார்.

நடுவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். பணம் வராத இடத்தில் டால்மியா கால் வைக்க மாட்டார் என்று எதிரணி சொன்னது. 1996 ஜனவரி இறுதியில் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. உலகக் கோப்பை ஆட்டங்களுக்கு அந்த நகருக்குப் போக ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அமைப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் டால்மியா. இலங்கைக்குத் துணை நிற்பதற்காக, சில நாள்களுக்குள் இந்திய, பாகிஸ்தான் வீரர்களை ஒரே அணியாகச் சேர்த்து, அசாருதீன் தலைமையில் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 13 அன்று நடந்த அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையில், இலங்கை வீரர் ஒருவர் ஆட்டமிழந்ததைச் சொல்லும் ஒரு வரியை எதிரணி வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்க்கட்டும்: களுவிதாரண, கேட்ச் டெண்டுல்கர், பந்துவீச்சு வசீம் அக்ரம்.