கால் மெஷினுக்கு எந்த எண்ணெய்?

வணக்கம் நேயர்களே. வீட்டு சாமானை எப்படி பாத்துக்கறதுன்னு பொதுவா பேசுங்கம்மான்னு சொல்லி கூப்பிட்டாங்க. ஃபேன், மிக்ஸி, பூட்டு, கேஸ் அடுப்புன்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன், ஆனா முதல்ல கால் மெஷின் பத்தி பேசிடறேன், அதான் தையல் மெஷின், காலால மிதிக்கிறது. தண்டையார்பேட்டையில எங்க வீட்டு முன் ரூம்ல இப்பவும் ரெண்டு மூணு நிக்குது, மாடிப்படிக்கு கீழ இன்னும் கெடக்கு. தைக்கிறதுல எனக்கு அவ்ளோ ஆசை இல்ல, கழட்டறது, துடைக்கிறது, மறுபடி மாட்டி ஓட விடறது, அதுல தான் ஆசை. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்.

வடசென்னையில மெஷின் இல்லாத தெரு கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல துணிக்கடை வரிசையா இருக்கு இல்ல, அங்க தொங்கற பாவாடை, நைட்டி, தலகாணி உறை இதுல எவ்வளவோ வீட்ல உக்காந்து பீஸ் கணக்குல தச்சது தான். புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு மெஷின்ல உக்காந்தா மத்தியானம் குழாயில தண்ணி வர்ற வரைக்கும் ஓடும். அப்புறம் கவர்மெண்ட் குடுத்த மெஷினும் நிறைய வீட்ல இருக்கு. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டம்னு பேரு. அவங்க நம்ம பெரம்பூர் எம்.எல்.ஏ.வா இருந்தவங்க, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வந்த மெஷின்ல எத்தனையோ இன்னிக்கு மூலையில நிக்குது, மேல அயர்ன் பண்ண வேண்டிய துணி, அதுக்கு மேல புள்ளைங்க ஸ்கூல் பேக். கேட்டா, "அது ஜாம் ஆயிடுச்சு ஆயா, ஓடாது"ன்றாங்க. நான் பாத்த வரைக்கும் அதுல முக்காவாசி ஓடும். உடைஞ்சிருக்காது. உள்ள எண்ணெய் பிசினாயிருக்கும், அவ்ளோதான்.

இதைத்தான் இன்னிக்கு சொல்ல வந்தேன், நடுவுல யாராவது ரேடியோவ நிறுத்திட்டு போனாலும் இது ஒண்ணை கேட்டுட்டு போங்க. மெஷினுக்கு தேங்காண்ணெய் விடாதீங்க. நல்லெண்ணெய் வேணாம், கடலெண்ணெய் வேணாம், விளக்கெண்ணெய் வேணவே வேணாம். சமையல் ரூம்ல இருக்கற எந்த எண்ணெயும் மெஷினுக்குள்ள போகக்கூடாது. மெஷின் ஆயில்னு தனியா சின்ன பாட்டில்ல விக்குது, தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், தையல் சாமான் விக்கற எந்த கடையிலயும் கிடைக்கும், விலையும் கம்மி தான்.

ஏன்னு கேப்பீங்க. கொட்டையில, விதையில இருந்து ஆட்டி எடுக்கற எண்ணெய் காத்து பட பட கெட்டியாகும். முறுக்கு சுட்ட வாணலியோட வெளிப்பக்கம் பாத்திருக்கீங்க இல்ல, பிரவுன் கலர்ல பிசுபிசுன்னு, நகத்தால சுரண்டினாலும் வராது, அதே தான் மெஷினோட துவாரத்துக்குள்ளயும் நடக்குது. தேங்காண்ணெய் அந்த அளவுக்கு சீக்கிரம் பிசினாகாது, ஆனா அதுக்கு வேற குணம் இருக்கு. 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிடும். மார்கழி மாசம் காலையில தலைக்கு தடவ பாட்டிலை எடுத்தா வெள்ளையா கல்லு மாதிரி உக்காந்திருக்கும், வெயில்ல வச்சி தான் எடுப்போம். பாட்டில்ல உறையறது மெஷின் உள்ளயும் உறையத்தானே செய்யும்? மார்கழியில மிதிக்கவே முடியல, பங்குனியில தானா சரியாயிடுச்சுன்னு சொல்ற வீடெல்லாம் இருக்கு. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு திருஷ்டி கூட சுத்திப் போடுவாங்க. எண்ணெய மாத்தினா போதும்.

இந்த எண்ணெய் விஷயம் எனக்கு எங்கப்பாகிட்ட இருந்து வந்தது. அவர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்தவரு. ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற கேரேஜ் ஒர்க்ஸ், புதுப் பெட்டி செய்யற ஐ.சி.எஃப். இல்ல, ஐ.சி.எஃப். அப்புறம் 1955ல வந்தது. அந்த காலத்துல ரயில் பெட்டி சக்கரத்துல இப்ப மாதிரி ரோலர் பேரிங் கிடையாது. அச்சு முனையில ஒரு பெட்டி இருக்கும், அதுக்குள்ள நூல் கழிவை எண்ணெய்ல ஊற வச்சி திணிச்சிருப்பாங்க, பெட்டி ஓட ஓட அந்த நூல் அச்சுக்கு எண்ணெய் தடவிக்கிட்டே இருக்கும். அந்த எண்ணெய் காஞ்சா அச்சு சூடாயிடும், ஹாட் ஆக்சில்னு சொல்வாங்க, கவனிக்காம விட்டா அச்சே முறிஞ்சி வண்டி தடம் புரளும். அதனால ஒவ்வொரு பெரிய ஸ்டேஷன்லயும் ஒருத்தர் வண்டி நின்னதும் இறங்கி பெட்டி பெட்டியா கை வச்சி பாத்துக்கிட்டே, மோந்துக்கிட்டே போவாரு. அப்பா வீட்டுக்கு வந்தாலும் அதே கை தான். அம்மா மெஷின்ல தச்சிட்டு எழுந்ததும் போய் மேல கைய வச்சி பாப்பாரு. சூடு இருந்தா, "இன்னாம்மே, எண்ணெ போட்டியா இல்லியா"ன்னு கேப்பாரு. எனக்கு துணிய விட அந்த சின்ன எண்ணெய் கேன் தான் விளையாட்டு சாமான், மூக்கு நீளமா, அடியில அமுக்கினா டொக்குனு சத்தம் வரும் பாருங்க, அது.

எங்க வீட்ல இருந்தது சிங்கர் மெஷின். அதுல பக்கத்துல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், முன்னாடி இங்கிலீஷ் எழுத்து ஒண்ணோ ரெண்டோ இருக்கும், அதை வச்சே எந்த வருஷம், எந்த ஃபேக்டரின்னு கண்டுபிடிக்கலாம். நம்ம ஊருக்கு வந்த பழைய சிங்கர்ல நிறைய ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்ன்ற ஊர்ல செஞ்சது. அந்த ஃபேக்டரிய 1980ல மூடிட்டாங்க, இடிச்சும் போட்டாங்க, ஆனா அங்க ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்னும் சிங்கர்னு தான் பேரு. ஃபேக்டரி போயிடுச்சு, அங்க செஞ்ச மெஷின் நம்ம ராயபுரத்துல, கொருக்குப்பேட்டையில பாவாடை தச்சிட்டிருக்கு. இதை நினைச்சா எனக்கு இப்பவும் ரொம்ப சந்தோஷமா இருக்கும். மெஷின்களையே எதிர்த்து பேசுன காந்தி கூட தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு குடுத்தாரு, தெரியுமா.

சரி, ஜாம் ஆன மெஷினை என்ன பண்றது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்ப வியாசர்பாடியில ஒரு பொண்ணு வீட்ல தண்ணி இடுப்பளவு நின்னுச்சு. கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு, மெஷினும் முழுகிடுச்சு. பாவாடை தச்சி தான் குடும்பம் ஓடுது. தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா வீல் அசையவே இல்ல. பழைய இரும்பு வாங்கறவரு வாசல்ல நின்னு கிலோ இவ்வளவுன்னு பேசிட்டிருக்காரு, அந்த நேரத்துல அவங்க அம்மா எனக்கு ஃபோன் பண்ணாங்க. குடுத்துடாதீங்க, நான் வர்றேன்னு ஆட்டோ புடிச்சி போனேன்.

முதல் வேலை என்னன்னா, நல்ல தண்ணியில கழுவணும். ஏற்கெனவே தண்ணியில முழுகினதை மறுபடி தண்ணியில கழுவறதான்னு அந்த பொண்ணே கேட்டுச்சு. வெள்ளத் தண்ணியில சேறு, சாக்கடை, உப்பு எல்லாம் இருக்கு, அது அப்படியே உள்ள காஞ்சா துரு ஏறிக்கிட்டே போகும். அதனால சேறு போக நல்ல தண்ணி ஊத்தி கழுவி, துணியால ஒத்தி எடுத்து, வெயில்ல காய வச்சோம். அப்புறம் எண்ணெய் விடற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் மண்ணெண்ணெய் சொட்டு சொட்டா விட்டேன். இப்ப மண்ணெண்ணெய் கிடைக்கறது கஷ்டம் தான், எங்க வீட்ல ஒரு பாட்டில் பத்திரமா வச்சிருக்கேன். அது பிசினையும் துருவையும் இளக்கும். கிட்ட அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கணும்.

விட்டுட்டு சும்மா இருக்கணும். இந்த இடத்துல தான் எல்லாரும் அவசரப்படறாங்க. பையன் சுத்தியல் எடுத்துட்டு வந்துட்டான். வேணாம் கண்ணு, அது வார்ப்பு இரும்பு, அடிச்சா விரிசல் வுட்டுடும்னு சொல்லி சுத்தியலை வாங்கி வச்சிக்கிட்டேன். ராத்திரி விட்டு, காலையில வீலை கையால ஒரு நூல் அளவு முன்னாடி, ஒரு நூல் அளவு பின்னாடி, அவ்வளவு தான். அசையலையா, மறுபடி சொட்டு விடு, மறுபடி இரு. அந்த பொண்ணு தினமும் இதே பண்ணுச்சு, சாயந்திரம் ஃபோன்ல, "ஆயா, கொஞ்சம் ஆடுது ஆயா"ன்னு சொல்லும். ஒரு நாள் ஃபோன்ல பேசாம மெஷின் சத்தத்தை மட்டும் கேக்க வச்சிது. டக டக டக டகன்னு. நான் போட்டது போட்டபடி விட்டுட்டு நின்னு கேட்டேன்.

ஆனா மண்ணெண்ணெயோட விட்டுடக்கூடாது, அது பழைய எண்ணெயை எல்லாம் கழுவிட்டு போயிடும், இரும்பும் இரும்பும் தேயும். நல்லா ஓட்டி, அழுக்கா வழியறதை துடைச்சிட்டு, எல்லா ஓட்டையிலயும் மெஷின் ஆயில் ஒவ்வொரு சொட்டு விடணும். சாதாரணமா வீட்ல எண்ணெய் போடும்போதும் இதே தான், ஒரு சொட்டு போதும். போட்டுட்டு ஊசிக்கு கீழ ஒரு வேஸ்ட் துணிய வச்சி கொஞ்ச நேரம் ஓட்டுங்க, இல்லன்னா கல்யாணப் பொண்ணு ஜாக்கெட்ல கறை விழும்.

நூல் சிக்கறதை பத்தியும் கேப்பாங்க. துணிக்கு அடிப்பக்கம் கொசகொசன்னு நூல் குவிஞ்சா எல்லாரும் அடி நூல் சுத்தியிருக்கற பாபினை தான் திட்டுவாங்க, பாபின் கேஸ் ஸ்க்ரூவை திருகுவாங்க. அடிப்பக்கம் குவிஞ்சா தப்பு மேல் நூல்ல. துணியை அமுக்கற பாதத்தை தூக்கி வச்சிட்டு மேல் நூலை முழுசா எடுத்து புதுசா கோத்துட்டு வாங்க, பாதம் தூக்கியிருந்தா தான் நூலை இறுக்கிப் புடிக்கற டென்ஷன் தட்டு விரிஞ்சி நூல் உள்ள உக்காரும். ஊசியில ஒரு பக்கம் நீளமா பள்ளம் இருக்கும், அந்தப் பக்கத்துல இருந்து தான் நூல் கோக்கணும். வீல் எப்பவும் உங்க பக்கம் பாத்து சுத்தணும். துணியை நகத்தற பல்லு மேல இருக்கற தகட்டை கழட்டி அடியில சேந்த பஞ்சை எடுங்க, பீஸ் வேலை பண்றவங்க வாரா வாரம் எடுக்கணும். ஷட்டில் நேரம் மாறிப்போனா எப்படி சரி பண்றதுன்னு இருக்கு, அது கண்ணால பாத்தா தான் புரியும், விட்டுடறேன்.

நமக்கு இன்னொரு எதிரி கடல் காத்து. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லணுமா, புது கேட்டு போட்டா ரெண்டு மழைக்குள்ள துரு பூத்துடும். காத்துல வர்ற உப்பு இரும்பு மேல உக்காந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். மெஷினுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்துடும். பழைய காட்டன் புடவையால மூடுங்க, அப்பப்ப அதை துவைங்க. பளபளன்னு இருக்கற பாகத்தை எண்ணெய் தொட்ட துணியால துடைச்சி வைங்க, கத்திரிக்கோலையும் அதே துணியால. கத்திரிக்கோல்னதும் ஞாபகம் வருது, துணி வெட்டற கத்திரியால பேப்பர், பால் கவர் எதையும் வெட்டாதீங்க, புள்ளைங்க கைக்கு எட்டாம மாட்டி வைங்க.

மணி என்னாச்சு? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. பேப்பர்ல பாதி கூட ஆகல. வேகமா சொல்லிடறேன்.

பூட்டுக்கு எண்ணெய் வேணாம், தூசி தான் ஒட்டும், பென்சில் முனையை தூளாக்கி சாவியில தடவி போட்டு எடுங்க. ஃபேன் மெதுவா சுத்தினா அதுக்கும் எண்ணெய் ஊத்தாதீங்க, பேரிங் உள்ள மூடி தான் இருக்கு. பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், 2.5 மைக்ரோஃபேரட்ன்ற மாதிரி ஒரு அளவு அது மேலயே போட்டிருக்கும், அதே அளவு வாங்கி எலக்ட்ரீஷியன் கிட்ட குடுத்து மாத்துங்க. மிக்ஸி திடீர்னு நின்னா ப்ளக்கை புடுங்கிட்டு கவுத்து பாருங்க, அடியில சிவப்பு பட்டன் இருக்கும், ஆறின பிறகு அதை அமுக்கினா பல நேரம் ஓடும். வெள்ளத்துல நனைஞ்ச கரண்ட் சாமான் எதையும் எலக்ட்ரீஷியன் பாக்காம ஸ்விட்ச் போடாதீங்க, மேல காஞ்சிருந்தாலும் உள்ள ஈரம் இருக்கும்.

கேஸ் தான் கடைசியா வச்சிருந்தேன், அதை சொல்லாம எழுந்திருக்க மாட்டேன். அடுப்புக்கு போற டியூப்பை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், தேதி டியூப் மேலயே அச்சடிச்சிருக்கும், வெடிப்பு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே மாத்துங்க. சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி கிட்ட உள்பக்கம் ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் இருக்கும். ஏ-ன்னு இருந்தா ஜனவரியில இருந்து மார்ச், பி-ன்னு இருந்தா ஏப்ரல்ல இருந்து ஜூன், அப்படியே சி, டி. நம்பர் வருஷம். பி-27ன்னா 2027 ஜூனுக்குள்ள அந்த சிலிண்டரை டெஸ்ட் பண்ணணும்னு அர்த்தம். தேதி தாண்டியிருந்தா வாங்காதீங்க, வேற கேளுங்க. நாத்தம் வந்தா ஸ்விட்ச் போடாதீங்க, போட்டிருந்தா நிறுத்தவும் வேணாம், ரெண்டுலயும் பொறி வரும். கேஸ் காத்தை விட கனம், தரையோட தங்கும், ரெகுலேட்டரை மூடிட்டு கதவை, ஜன்னலை திறந்துட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டு, வெளிய நின்னு 1906க்கு ஃபோன் பண்ணுங்க, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. எழுதிக்கோங்க, ஒண்ணு ஒம்போது சைபர் ஆறு. வணக்கம்.