வெட்டுப்பட்ட டொங்காவும் விரிகிற கடற்றளமும்

வணக்கம் உறவுகளே! கடற்றள வரைபடம் ஒருவழியாகச் சுவருக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் அச்சடித்தேன். அச்சுக்கு 2400 ரூபாய், லமினேட்டுக்குத் தனியாக 1600. சரி, கொடுத்தாயிற்று. விரித்துப் பார்த்தால் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இல்லை! சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று வெட்டிவிட்டார்களாம். போனது எது? தென் பசிபிக்கின் ஆழக் கடற்பள்ளமான டொங்கா அகழி! எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று பழைய காணொளிகள் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கேயே நின்று கதைத்து, ஒரு சதம்கூடக் கூடக் கொடுக்காமல் புதுப் பிரதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். லமினேட்டும் சேர்த்து!

இப்போது என் விரலைப் பாருங்கோ. பசிபிக் தட்டு, அதாவது பசிபிக்கின் அடியில் மெல்ல நகர்கிற பெரும் பாறைத் தகடு, இந்த அகழிக்குள், பக்கத்துத் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. அப்படியென்றால் அகழிக்குப் பின்பக்கம், மேலே இருக்கிற தட்டு, நசுங்க வேண்டும்தானே? ஆனால் அகழிக்கு மேற்கே, லாவு படுகை என்கிற கடற்பகுதியில், கடற்றளம் பிளந்து விரிகிறது. கீழிருந்து எரிமலைக் குழம்பு முட்டித் தள்ளுவதுதான் காரணம் என்று சொல்லித் திரிகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் துளியும் பிடிக்காது. இழுவைதான் முதலில். பழைய தட்டு குளிர்ந்து கனத்தது. தன் பாரத்திலேயே தாழ்கிறது. அதனால் அது வளைகிற இடம், அதாவது அகழி, கடல் பக்கமாகப் பின்வாங்குகிறது. மேல் தட்டின் ஓரமும் கூடவே இழுபட, பின்பக்கம் மெலிந்து பிளக்கிறது. அடியிலுள்ள சூடான பாறை மேலேறி, அழுத்தம் குறைவதால் உருகுகிறது. குழம்பு வருவது அதற்குப் பிறகு.

ஆ, தண்ணீரை விட்டுவிட்டேன். இறங்கும் தட்டு கொண்டுபோகிற நீரும் அந்த உருகலுக்கு உதவுகிறது. வேகமும் சொல்லவில்லை! டொங்காவின் வடமுனையில் தட்டுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் நெருங்குகின்றன. அதில் 16 அளவு பின்னால் விரிவதால் வருவது.

சிலியில் ஏன் இப்படி இல்லை? அங்கே இறங்குகிற நாஸ்கா தட்டு இளசு, தென் அமெரிக்காவும் அகழியை நோக்கி நகர்கிறது. நசுங்கி அந்தீஸ் மலைத்தொடர் எழும்பியிருக்கிறது. மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழியில் இறங்குவதோ ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழைய தட்டு, பின்னால் விரிவு. புவி இயற்பியலாளர்கள் உயேடாவும் கனமோரியும் 1979 இல் இந்த இரண்டையும்தான் எதிரெதிர் மாதிரிகளாக வைத்தார்கள்.

நம் பக்கத்து அந்தமான் கடலை மட்டும் இந்தக் கணக்கில் அப்படியே சேர்க்காதீர்கள். 2004 இல் பருத்தித்துறைக்குச் சுனாமி அலையை அனுப்பிய அதே தட்டு எல்லைதான், ஆனால் தட்டு அங்கே சரிவாக மோதுகிறது. மேல் தட்டில் ஒரு கீற்று பிரிந்து வடக்கே இழுபட, அதன் பின்னால் கடல் 40 இலட்சம் ஆண்டுகளாக விரிகிறது.