மெரிடன் தொழிலாளர்கள் விட்டுக்கொடுக்காத வண்டி

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் என்றாலே நம் ஊரில் புல்லட்டைத்தான் சொல்வார்கள். நான் பேச வந்திருப்பது ட்ரையம்ப் போனவில் பற்றி.

வண்டி இங்கிலாந்தில் பிறந்தது, பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. யூட்டா மாநிலத்து உப்புவெளி ஒன்றின் பெயர் போனவில். 1956 செப்டம்பரில் அங்கேதான் ஜானி ஆலன், ட்ரையம்பின் 650 சிசி இன்ஜின் பொருத்திய நீளமான பந்தய வண்டியில் மணிக்கு 214 மைல் வேகத்தைத் தொட்டார். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அதை உலக சாதனையாக ஏற்கவில்லை. இருந்தாலும் அமெரிக்காவில் ட்ரையம்புக்கு மவுசு கூடியது. 1959 மாடலாக வந்த புதிய வண்டிக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தார்கள்.

எட்வர்ட் டர்னர் 1937இல் கொண்டுவந்த ஸ்பீட் ட்வின் இன்ஜினின் வழிவந்தது இது. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதனால் வேகம் கூடக்கூட ஹேண்டில்பார் வரைக்கும் அதிரும். வண்டி குளிர்ந்திருந்தால் உடனே கிக்கரை மிதித்துப் பயனில்லை. முதலில் அமால் கார்புரேட்டரின் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் கசிந்து விரல் நனைந்த பிறகு அடுத்த கார்புரேட்டருக்கும் அதேபோல. அப்புறம்தான் கிக்கர்.

1969இல் மேன் தீவுப் பந்தயத்தில் மால்கம் அப்ஹில் இந்த வண்டியில் ஒரு சுற்றை சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடி முடித்தார். கடையில் விற்கும் ரக வண்டிகளில் அதுவே முதல்முறை. அதே ஆண்டில் ஹோண்டா சிபி 750 வந்தது. நாலு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். ட்ரையம்பின் பதில் 1971 மாடல். அதன் ஃபிரேமுக்குள் இன்ஜினை இறக்க முடியாமல் தொழிலாளர்கள் திண்டாடினார்கள். சீட்டும் உயரம் அதிகம். வரைபடம் போட்ட இடத்தில் நடந்த பிழைக்குத் தொழிற்சாலை விலை கொடுத்தது.

போனவில் வரலாறு என்றால் பலர் வேகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. 1973 செப்டம்பரில், இங்கிலாந்தில் போனவில் தயாரான மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஒன்றல்ல, இரண்டு குளிர்காலங்கள் அங்கேயே கழிந்தன. அடுத்து வந்த தொழிற்கட்சி அரசில் அமைச்சர் டோனி பென் கைகொடுக்க, அரசுக் கடனோடு 1975 மார்ச்சில் அவர்களே கூட்டுறவு தொடங்கினார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். அவர்கள் கட்டியது 750 சிசி போனவில். அமெரிக்க விதிக்காக வலப்பக்க கியரை இடப்பக்கத்துக்கு மாற்றியதும் அவர்கள் கைதான்.

பணத்தட்டுப்பாடு ஓயவில்லை, 1983இல் மூட வேண்டியதாயிற்று. கட்டடத் தொழிலதிபர் ஜான் ப்ளூர் ட்ரையம்ப் பெயரை வாங்கினார். அவர் அனுமதியுடன் லெஸ் ஹாரிஸ் 1988 வரை இங்கிலாந்தின் நியூட்டன் அபாட் ஊரில் பழைய போனவில்லைத் தயாரித்தார். ஹிங்க்லியில் ப்ளூர் கட்டிய ஆலையிலிருந்து 2001 மாடலாகப் புதிய போனவில் வந்தது. 1973இல் அந்த வாசலை மறிக்காமல் போயிருந்தால், வாங்குவதற்கு உயிரோடு ஒரு பெயர் மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன்.

நன்றி, வணக்கம்.