மறுமுனையில் இருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

விளம்பரம், மக்கள் தொடர்பு இரண்டிலும் மாறி மாறி வேலை பார்த்தவள் நான். கல்லூரி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காகப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். நான் செய்த தப்புதான்.

வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம். ஒரு க்ளையன்டின் அரைப்பக்க விளம்பரத்துக்கு இறுதி ப்ரூஃப், அதாவது அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் நகல், என் மேசைக்கு வந்தது. தலைப்பைப் பார்த்தேன், சரி. படம் சரி. லோகோ சரி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் பேப்பரில் அழகாக வந்திருந்தது. ஆனால் மதியம்வரை க்ளையன்ட் அலுவலகத்துக்கு ஒரு போன்கூட வரவில்லை. அப்புறம்தான் பார்த்தோம், தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 6-க்குப் பதில் 8. தவறாக அச்சான அந்த எண்ணை நானே அழைத்தேன். ஒரு வயதான அம்மா எடுத்தார். "காலையிலேர்ந்து ஓயாம அடிக்குதும்மா. தெரியாது தெரியாதுன்னு சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. இப்பல்லாம் சாயங்காலம் கூப்பிடுங்கன்னு சொல்லி வெச்சிடறேன்" என்றார்.

அன்றிலிருந்து எந்த ப்ரூஃப் வந்தாலும் முதலில் அதில் இருக்கும் எண்ணை டயல் செய்வேன். கல்லூரியில், விளம்பரம் பார்ப்பவரை அழைத்துப் போகும் கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகளைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். மறுமுனையில் போனை எடுப்பது யார் என்று பார்க்க வேண்டும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை. இந்த இரண்டு துறைகளிலும் எனக்குத் தெரிந்த வேலை அந்த ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். விளம்பரத்தில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பத்திரிகையில் கால் பக்கம், வானொலியில் 20 வினாடி, போன் திரையில் ஒரு கட்டம். வாங்கிய இடத்தில் என்ன சொல்வது என்பது நம் முடிவு. இது விளம்பரம் என்று பார்ப்பவருக்கும் தெரியும். மக்கள் தொடர்பில் இடம் நம்முடையது இல்லை. நாம் சொன்னதை ஒரு நிருபர் விசாரித்து, நம்பி, தன் பொறுப்பில் எழுதினால்தான் உண்டு. எழுதாமலும் விடலாம், நமக்குப் பிடிக்காத கோணத்திலும் எழுதலாம். முன்னது வாடகை கொடுத்துக் குடியிருப்பது, பின்னது விருந்தாளியாகப் போவது. விருந்தாளி அதிகாரம் பண்ண முடியாது.

விருந்தாளியாகப் போகும் கலையைத் தொழிலாக்கியவர்களில் ஐவி லீ முக்கியமானவர். அவரே முன்னாள் நிருபர். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்து என்றால் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்தக் கால ரயில் கம்பெனிகளின் வழக்கம். லீ தன் க்ளையன்டான பென்சில்வேனியா ரயில்வேயின் சார்பில் நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே வெளியிட்டது. முதல் செய்திக்குறிப்பு என்று இன்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். நிருபருக்கு அந்த நேரத்தில் என்ன தேவைப்படும் என்பது லீக்குத் தெரிந்திருந்தது. அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தானே.

விளம்பரத்தின் பக்கம் வந்தால் டேவிட் ஓகில்வியைச் சொல்ல வேண்டும். பாரிஸில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர், பிறகு வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர், கேலப்பின் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் இருந்தவர். நாற்பதை நெருங்கும் வயதில், 1948-இல், நியூயார்க்கில் விளம்பர ஏஜென்சி தொடங்கினார். "மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தப் புதிய ரோல்ஸ் ராய்ஸில் கேட்கும் மிகப் பெரிய சத்தம் மின்கடிகாரத்தினுடையது" என்ற அவருடைய தலைப்பு இன்றும் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அது மூளையைக் கசக்கி வந்த வரி இல்லை. ஒரு மோட்டார் பத்திரிகையின் சோதனை அறிக்கையில் இருந்த தகவல். மற்றவர்கள் புரட்டிவிட்டுப் போன தாள்களை அவர் உட்கார்ந்து படித்தார், அவ்வளவுதான். எழுத்துத் திறமை இல்லை என்று இந்தத் துறைக்கு வரத் தயங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். படிக்கும் பொறுமை இருந்தால் வாருங்கள். அது இல்லாமல் எழுத்து மட்டும் இருந்தால் கொஞ்ச நாளில் சரக்குத் தீர்ந்துவிடும்.

எழுதுபவரும் வரைபவரும் ஒரே அறையில் உட்காரும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1949-இல் பில் பெர்ன்பாக் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கிய ஏஜென்சி அதைப் பரவலாக்கியது. அதற்கு முன் விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டர் எழுதிக் கொடுப்பார், அது வேறு மாடிக்குப் போகும், அங்கே ஒருவர் படம் போடுவார். 1959-இல் ஃபோக்ஸ்வாகன் காருக்காக அவர்கள் செய்த விளம்பரப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பக்கம் முழுக்க வெறுமை, ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கார். எழுதியவர் ஜூலியன் கெய்னிக், வடிவமைத்தவர் ஹெல்முட் க்ரோன். அந்த வெறுமையை எழுதுபவரும் தனியாக யோசித்திருக்க மாட்டார், வரைபவரும் தனியாக யோசித்திருக்க மாட்டார்.

இனி வேலை. ஏஜென்சி என்றதும் எல்லோரும் காப்பிரைட்டர் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள். க்ளையன்டோடு பேசி வேலையை நடத்தும் க்ளையன்ட் சர்வீசிங் இருக்கிறது, யாரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கும் பிளானிங் இருக்கிறது, எந்த ஊடகத்தில் எத்தனை தடவை போடலாம் என்று கணக்குப் போடும் மீடியா இருக்கிறது, தயாரிப்பு இருக்கிறது. கணக்கில் பிரியமுள்ளவர்கள் மீடியா பக்கம் போகலாம். அங்கே போட்டி கொஞ்சம் குறைவு, கற்றுக்கொள்ள நிறைய உண்டு. முதல் வருடம் எதில் சேர்ந்தாலும் கூட்டக் குறிப்பு எழுதுவீர்கள், ஒப்புதலுக்காகப் பின்னால் அலைவீர்கள், ப்ரூஃப் பார்ப்பீர்கள். கூட்டக் குறிப்பை யாரும் மதிப்பதில்லை. ஆனால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மூன்று மாதம் கழித்து க்ளையன்ட் சொல்லும்போது, உங்கள் குறிப்புதான் ஏஜென்சியைக் காப்பாற்றும். யார் சொன்னார், என்ன முடிவு, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றையும் அன்று மாலையே அனுப்பிவிடுகிறவருக்குச் சீக்கிரம் பெரிய வேலை கைக்கு வரும். என் கண் முன்னால் நடந்திருக்கிறது.

மக்கள் தொடர்பில் முதல் வேலை பெரும்பாலும் செய்திக்குறிப்புதான். என்னுடைய முதல் குறிப்பு ஒரு சக்கர நாற்காலி பற்றியது. "முன்னணி நிறுவனமான இது தனது புதிய தயாரிப்பைப் பெருமையுடன் அறிமுகப்படுத்துகிறது" என்று தொடங்கியிருந்தேன். இரண்டாம் பத்தியில் நிர்வாக இயக்குநரின் மகிழ்ச்சி. மூன்றாம் பத்தியில் கம்பெனி வரலாறு. செய்தி மேசையில் இருந்த உதவி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பேனாவை எடுத்து முதல் மூன்று பத்திகளையும் ஒரே கோட்டில் அடித்தார். நான்காம் பத்தியில் ஒரு வரியை வட்டமிட்டார். மடக்கினால் அந்த நாற்காலி பேருந்து இருக்கைக்கு அடியில் போய்விடும் என்ற வரி அது. "இதை ஏம்மா இங்க ஒளிச்சு வெச்சீங்க? உங்க கம்பெனியோட பெருமை எனக்கெதுக்கு? சக்கர நாற்காலியில இருக்கிறவர் பஸ்ல போகலாம்னா அதுதானே சேதி" என்றார். நின்றுகொண்டே திருத்தி எழுதினேன். மறுநாள் எட்டு வரியில் வந்தது.

அந்த எட்டு வரிக்கு மதிப்பு என்ன என்று மேலதிகாரி கேட்டார். அதே அளவு இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதுதான் மதிப்பு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன், எல்லோரும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் ஏழு கோட்பாடுகளை வகுத்தார்கள். அதில் ஒன்று, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிச் சொல்வது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்பது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெருக்கலைக் கேட்கும் க்ளையன்ட்கள் இருக்கிறார்கள். கேட்டால் போட்டுக் கொடுங்கள், கூடவே எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதையும் தனிப் பக்கத்தில் வையுங்கள். காலப்போக்கில் அந்தத் தனிப் பக்கத்தை மட்டும் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

மக்கள் தொடர்பு என்றாலே பூசி மெழுகுவது என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். டைலெனால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்துவிட, ஏழு பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் முத்திரையோடு அந்த மருந்து மறுபடி கடைக்கு வந்தது. அங்கே நல்ல வார்த்தைகள் அல்ல, குப்பியைத் திரும்ப எடுக்கும் முடிவுதான் பேசியது. முடிவெடுக்கும் அறைக்குள் மக்கள் தொடர்பு அதிகாரி இருந்தால் அவருக்கு வேலை இருக்கிறது. முடிவெடுத்த பிறகு கூப்பிட்டு "ஏதாவது எழுதுங்க" என்றால், அங்கே தங்குவதா என்று யோசியுங்கள். பொய் எழுதச் சொன்னாலும், காசு வாங்கிக்கொண்டு பேசுவதை மறைக்கச் சொன்னாலும் யோசிக்கவே வேண்டாம். பல நாடுகளில் அது விதிமீறலும்கூட.

செயற்கை நுண்ணறிவு எந்திரம் இப்போது ஒரு நிமிடத்தில் ஐம்பது தலைப்பு எழுதித் தருகிறது. ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சியே ஐம்பது தலைப்பு எழுதுவதுதான். அதனால் முதல் படிக்கட்டு கொஞ்சம் உடைந்திருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஐம்பதில் 49-ஐத் தூக்கிப் போடுவது எப்படி என்று தெரிந்தவர் இப்போது தேவைப்படுகிறார். அந்தக் கண் வர, சொந்தமாகச் சில நூறாவது எழுதியிருக்க வேண்டும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். என் கருத்து கறாரானது. உங்கள் வேலைக்கு க்ளையன்டிடம் காசு வாங்குகிறார்கள் என்றால் உங்களுக்கும் கொடுக்க வேண்டும். கூடவே, இங்கே நான் யாரிடம் கற்றுக்கொள்வேன் என்று சேரும்போதே கேளுங்கள். ஒரு பெயரைச் சொல்ல முடியாமல் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்புக்கு, க்ளையன்ட் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இருபது வேலை வேண்டாம், நான்கு போதும். அவற்றில் இந்த வானொலிக்காக 20 வினாடி விளம்பரம் ஒன்றும் இருக்கட்டும். எழுதி, சத்தமாகப் படித்து, கடிகாரத்தைப் பாருங்கள். அரைப் பக்கம் எழுதியிருப்பீர்கள், கால் பக்கத்திலேயே நேரம் முடிந்திருக்கும்.

சென்ற வருடம் ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சலில் விண்ணப்பம் வந்தது. பளபளப்பாக எதுவும் இல்லை. விடுதியில் ஒரு குழாய் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார். பயனில்லை. நாளைய தலைமுறையை நினையுங்கள் என்று மாற்றியிருக்கிறார். அதுவும் இல்லை. ஒவ்வொரு வாசகத்துக்கும் இரண்டு நாள் கொடுத்து, ஒரு நாளில் எத்தனை தடவை குழாய் ஒழுகிக் கிடந்தது என்று நோட்டில் குறித்து வந்திருக்கிறார். ஐந்தாவது வாசகமும் தோற்றபோது, ஒரு காலை முழுக்கக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். எல்லோரும் மூடத்தான் செய்கிறார்கள். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூடிவிட்டதாக நினைத்துப் போகிறார்கள். ஆறாவது வாசகம் இப்படி: "இந்தக் குழாய்க்கு மூன்று சுற்று." அதற்குப் பிறகு அந்த நோட்டில் எழுத அதிகம் இருக்கவில்லை.

தோற்ற ஐந்தையும் அவர் மறைக்காமல் அனுப்பியிருந்தார். விண்ணப்பத்தின் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது. பழக்கதோஷத்தில் டயல் செய்தேன். அவரேதான் எடுத்தார்.

வணக்கம்.